பச்சையெல்லாம் காடாகுமா?

2019ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டு வானத்தைப் புகை மூடியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சரவாக்கிலும் தீபகற்பத்திலும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்பட்டன. முகமூடி இல்லாமல் வெளியே செல்ல முடியாத நிலை. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிந்த நிலங்களிலிருந்து வந்த புகை அது. அந்த ஆண்டு இந்தோனேசியாவில் எரிந்த நிலத்தின் பரப்பளவு எவ்வளவு?

எளிய கேள்விதான். ஆனால் விடைகள் பல. அக்டோபர் வரைக்குமான கணக்காக இந்தோனேசிய அரசு முதலில் கூறியது ஏறத்தாழ 0.94 மில்லியன் ஹெக்டர். அதே மாதங்களுக்குச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஓர் ஆய்வுக் குழு கூறியது 1.64 மில்லியன் ஹெக்டர். பின்னர் அரசே வெளியிட்ட முழு ஆண்டுக் கணக்கு 1.65 மில்லியன் ஹெக்டர். 2021இல் அறிவியல் இதழில் வெளிவந்த விரிவான ஆய்வோ, 2019 முழுவதும் எரிந்தது 3.11 மில்லியன் ஹெக்டர் என்றது. எரிந்தது ஒரே மண். கணக்கு மட்டும் ஏன் இத்தனை?

இக்கேள்வி அறிவியல் துறை மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்த்துறை, பொருளியல், சட்டம் என எத்துறையில் பயில்வோரும் எண்ணிப் பார்க்க வேண்டியது. வானிலிருந்து எடுக்கப்படும் படம் பொய் சொல்வதில்லை. ஆயினும் அது தானாகப் பேசுவதும் இல்லை. அதில் எது காடு, எது தோட்டம், எது எரிந்த நிலம் என்று பெயர் சூட்டுபவர்கள் மனிதர்கள். அப்படிப் பெயர் சூட்டும் இடத்தில் நம் சமூகத்தவரும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

போர்னியோவின் நாற்பது ஆண்டுகள்

மேற்சொன்ன 1.64 மில்லியன், 3.11 மில்லியன் ஆகிய இரு கணக்குகளிலும் தொடர்புடைய ஒருவர் டேவிட் கவோ. பிரான்ஸ் நாட்டவர். ஜாவாவின் போகோர் நகரை அடுத்துள்ள அனைத்துலக வனவியல் ஆய்வு மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய தொலையுணர்வு அறிஞர். தொலையுணர்வு என்பது ஒரு பொருளைத் தொடாமல், தொலைவிலிருந்தே அதன் தன்மையை அறியும் முறை. செயற்கைக்கோளும் விமானமும் இதற்குக் கருவிகள்.

கவோவும் அவர்தம் குழுவினரும் 2014இல் 'பிளோஸ் ஒன்' இதழில் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972இல் விண்ணில் ஏவப்பட்டது. அதனால் 1973ஆம் ஆண்டின் போர்னியோ எப்படி இருந்தது என்பதற்குப் படச்சான்று இருக்கிறது. அந்த ஆண்டு தீவின் நிலப்பரப்பில் 75.7 விழுக்காடு இயற்கைக் காடாக இருந்தது. 2010க்குள் அக்காட்டில் 30.2 விழுக்காடு அழிந்துவிட்டது. பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் சபா 39.5, கலிமந்தான் 30.7, சரவாக் 23.1, புருணை 8.4 விழுக்காடு எனத் தத்தம் காடுகளை இழந்திருந்தன.

இதைவிட வியப்பூட்டுவது மற்றொன்று. மரம் வெட்டுவதற்காகக் காட்டுக்குள் போடப்பட்ட மண்சாலைகளை ஆண்டுவாரியாகப் படங்களில் தேடி அவர்கள் வரைந்தார்கள். அவற்றின் மொத்த நீளம் 271,819 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டின் வழியே பூமியை ஆறு முறை சுற்றி வந்தாலும் மீதம் இருக்கும் நீளம் அது. வெளியிலிருந்து பார்த்தால் காடு நிற்கிறது. உள்ளே சாலை ஓடியிருக்கிறது. பெருமரங்கள் போய்விட்டன. வரைபடத்தில் பச்சை நிறம் மட்டும் மாறவில்லை.

படம் எப்படிப் பார்க்கிறது?

நம் கண் காணாத ஒளியையும் செயற்கைக்கோள் காண்கிறது. பச்சை இலை சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால், ஓர் இடத்தில் இலையடர்த்தி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். தீ எரித்த நிலத்தில் இந்த அளவு சட்டென்று விழுந்துவிடும். இதுவே அடிப்படை.

ஆனால் வெப்பமண்டலத்தில் இந்த வேலை எளிதன்று. முதல் தடை மேகம். லேண்ட்சாட் 8 ஒரே இடத்திற்கு 16 நாளுக்கு ஒரு முறைதான் திரும்ப வருகிறது. அந்த நாளில் மேகமோ புகையோ மூடியிருந்தால் அடுத்த வாய்ப்புக்கு இன்னும் 16 நாள் காத்திருக்க வேண்டும். நம் நிலத்தில் மழை பெய்தால் இரண்டு மூன்று வாரத்தில் புல்லும் பன்னமும் முளைத்துக் கரிந்த தழும்பை மறைத்துவிடும். இரண்டாவது தடை படத்தின் நுணுக்கம். லேண்ட்சாட் படத்தின் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒரு ஹெக்டருக்குள் பதினொரு பிக்சல்தான் அடங்கும். சிறு விவசாயி எரித்த துண்டு நிலம் இதில் நழுவிப் போக வாய்ப்புண்டு.

2021ஆம் ஆண்டு ஆய்வில் கவோ குழுவினர் ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களைப் பயன்படுத்தினர். இதில் இரு செயற்கைக்கோள்கள் சேர்ந்து இயங்கியதால் ஐந்து நாளுக்கு ஒரு முறை படம் கிடைத்தது; நுணுக்கமும் கூடுதல். எனவே லேண்ட்சாட் 8 படங்களை அடிப்படையாகக் கொண்ட அரசுக் கணக்கில் விடுபட்ட தழும்புகள் இதில் அகப்பட்டன. ஆகவே கணக்குகள் வேறுபட்டதற்கு யாரோ வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நாம் உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. எந்தக் கருவி, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு நுணுக்கம் என்ற மூன்றும் மாறினால் எண்ணும் மாறும். நாளிதழில் ஓர் எண்ணைப் படிக்கும்போது இம்மூன்றையும் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

எண்ணுக்கும் விலை உண்டு

கருவி வேறுபாடுதான் காரணம் என்றால் அது அறிஞர்களுக்குள் பேசித் தீர்க்கக்கூடிய சிக்கல். ஆனால் நடந்தது வேறு. 1.64 மில்லியன் ஹெக்டர் என்ற முதற்கணிப்பு 2019இன் இறுதியில் வெளிவந்ததும், அது சக அறிஞர்களின் மதிப்பீட்டுக்கு உட்படவில்லை என்று கூறி ஆய்வு மையம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2020 ஜனவரியில் விசா விதிமீறல் என்ற காரணத்தின் பேரில் கவோ இந்தோனேசியாவை விட்டு அனுப்பப்பட்டார். அரசின் முழு ஆண்டுக் கணக்கு, அவர் குழுவின் முதற்கணிப்புக்கு அருகிலேயே வந்து நின்றது என்பதை மேலே கண்டோம்.

அதே 2019இல் உலகின் மறுபுறத்திலும் இதே போன்ற ஒன்று நடந்தது. பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வுக் கழகம் 1988 முதல் அமேசான் காட்டின் அழிவை ஆண்டுதோறும் செயற்கைக்கோள் வழி அளந்து வருகிறது. 2004 முதல் விரைவு எச்சரிக்கை முறையும் அதனிடம் உண்டு. காடு வெட்டப்படும் இடம் தெரிந்ததும் அதிகாரிகள் அங்கே விரைந்தார்கள். வேறு பல நடவடிக்கைகளும் சேர்ந்து, 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த ஆண்டு அழிவு 2012இல் 4,571 ஆகக் குறைந்தது. 2019இல் அழிவு மீண்டும் ஏறுவதை அக்கழகத்தின் எண்கள் காட்டியபோது, அதிபர் பொல்சொனாரோ அவற்றை நம்ப மறுத்தார். எண்களைத் துணிந்து ஆதரித்த இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவ் ஆகஸ்டில் பதவியிழந்தார்.

எண்ணும் எழுத்தும் கண்கள் என்று வள்ளுவர் சொன்னதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். கண் காட்டும் காட்சி பிடிக்காதபோது கண்ணையே குற்றம் சொல்லும் உலகம் இது. ஓர் எண் வெறும் எண்ணாக இருந்தால் அதற்காக ஒருவர் ஏன் வேலையை இழக்கப் போகிறார்? அந்த எண்ணில் ஏற்றுமதியும், இழப்பீடும், நாட்டின் பெயரும், நம் குழந்தைகளின் மூச்சும் அடங்கியிருக்கின்றன.

காடு என்று எதைச் சொல்வது?

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்திக்கு வருகிறேன். கருவிகள் எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் ஒரு சிக்கல் தீராது. காடு என்றால் என்ன?

2013இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ ஹான்சன் குழுவினர், ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட லேண்ட்சாட் படங்களைக் கொண்டு உலகக் காடுகளின் வரைபடத்தை வெளியிட்டனர். 2000 முதல் 2012 வரை உலகம் 2.3 மில்லியன் சதுர கிலோமீட்டர் காட்டை இழந்தது, 0.8 மில்லியன் சதுர கிலோமீட்டர் புதிதாகப் பெற்றது என்பது அவர்களின் முடிவு. மாபெரும் சாதனை, ஐயமில்லை. ஆனால் அந்த வரைபடத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் வளர்ந்த எதுவும் மரமே. செம்பனை வளர்ந்தால் அது 'பெற்ற' கணக்கு. முதிர்ந்த செம்பனையை மறுநடவுக்காகச் சாய்த்தால் அது 'இழந்த' கணக்கு. தோட்டத்தையும் காட்டையும் ஒன்றாகக் கலப்பது தவறு என்று 2014இல் வேறு அறிஞர்கள் அதே இதழில் மறுப்பு எழுதினர்.

ஐக்கிய நாட்டு உணவு வேளாண் நிறுவனத்தின் இலக்கணம் வேறு. அரை ஹெக்டருக்கு மேற்பட்ட நிலம், ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட மரம், பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிழல் இருந்தால் அது காடு. இதன்படி செம்பனைத் தோட்டம் காடாகாது. கித்தாத் தோட்டம் காடாகும்! 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டத்தின்படி கித்தாத் தோட்டமும் காடன்று. ஒரே மரம். ஓரிடத்தில் காடு, மற்றோரிடத்தில் தோட்டம்.

இதைக் கேட்டு நாம் சிரிக்க முடியாது. தமிழிலும் இந்தக் குழப்பம் உண்டு. காட்டுக்கு முல்லை என்று தனித் திணையே வகுத்த மொழி நம்முடையது. ஆனால் மலேசியத் தோட்டத் தமிழரின் வாழ்வை வைத்து அகிலன் எழுதிய நாவலின் பெயர் 'பால்மரக் காட்டினிலே'. நிரை பிடித்து நட்ட மரங்களையும் காடு என்றே நம் மக்கள் அழைத்தார்கள். வேலைக்கு வந்தவர்களுக்கு அந்த இருளும் கொசுவும் காடாகத்தான் தெரிந்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. பேச்சு வழக்கில் அது பாதகமும் இல்லை. சட்டத்திலும் கணக்கிலும் அப்படியே விட்டுவிட்டால்தான் பாதகம்.

நம் நாடு 1992இல் ரியோ மாநாட்டில், நிலப்பரப்பில் குறைந்தது 50 விழுக்காட்டைக் காடாகக் காப்போம் என்று வாக்களித்தது. நல்ல வாக்குறுதி. ஆனால் 2000களின் பிற்பாதியிலிருந்து, காட்டுத் தோட்டம் என்ற திட்டத்தின்கீழ், காப்புக்காடாகப் பதிவான நிலம் சிலவற்றிலும் பலகைக்கும் பாலுக்கும் உதவும் கித்தா மரங்கள் நடப்பட்டன. பதிவேட்டில் அது காடு. செயற்கைக்கோளுக்கு அது பச்சை. அங்கிருந்த யானைக்கும் இருவாட்சிக்கும் மலை ஓடைக்கும் அது என்ன? 50 விழுக்காடு என்ற எண்ணைக் கேட்கும் முன், காடு என்ற சொல்லுக்கு என்ன பொருள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது குடிமக்களின் கடமை.

தாத்தா பாட்டிக்குத் தெரிந்த அறிவியல்

தோட்டத்தையும் காட்டையும் படத்தில் பிரித்தறிய முடியாதா? முடியும். அதற்கான வழிகளைப் படிக்கும்போது நமக்கு ஒரு பெருமிதம் உண்டாகும்.

கித்தா மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலைகளை ஒருசேர உதிர்க்கும். பிறகு சில வாரங்களில் ஒருசேரத் துளிர்க்கும். மழைக்காடு அப்படிச் செய்வதில்லை. அங்கே நூற்றுக்கணக்கான இனங்கள் தத்தம் காலத்தில் இலை மாற்றுவதால் மொத்தத்தில் பச்சை குறையாது. ஆகவே ஆண்டு முழுவதும் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், பச்சை அளவு திடீரென விழுந்து எழும் இடம் கித்தாத் தோட்டம். சீனாவின் ஹைனான் தீவில் இந்த இலையுதிர்வையும் மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களையும் சேர்த்து அறிஞர்கள் கித்தா வரைபடம் தயாரித்தனர். இலை உதிரும் காலத்தில் பால் குறையும், சம்பளமும் குறையும் என்பதை நம் தாத்தா பாட்டிகள் எந்தச் செயற்கைக்கோளும் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

செம்பனையை முக்கோண அமைப்பில், ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மரமும் ஒரு நட்சத்திரம். வரிசை தப்பாத நட்சத்திரங்கள். கங்காணியும் கிராணியும் நிரைக் கணக்கு எழுதிய அதே ஒழுங்கைத்தான் இன்று கணினி தேடுகிறது. படத்தில் கண்டது சரிதானா என்று உறுதி செய்ய, அறிஞர் எவராயினும் தரைச் சான்றுக்கு வந்துதான் ஆக வேண்டும். தரையை அறிந்த சமூகம் நாம். ஒன்றரை நூற்றாண்டு அனுபவம் நம் குடும்பங்களில் இருக்கிறது. அது வெறும் துன்பக் கதையாக மட்டும் நம்மிடையே பேசப்படுகிறது. அது அறிவும் கூட.

இருபுறமும் பேசும் சான்று

செம்பனை பற்றிப் பேசினால் சிலர் சினம் கொள்வர். மேலைநாட்டார் தங்கள் காட்டையெல்லாம் அழித்துவிட்டு நமக்குப் பாடம் சொல்ல வருகிறார்கள் என்பர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. செம்பனையை நம்பிச் சிறு தோட்டக்காரர் பலர் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் உணர்ச்சிக்குப் பதில் சான்றைக் கேட்டால் என்ன கிடைக்கிறது? கவோ குழுவினர் 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, போர்னியோவில் காடு அழிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அங்கே பெருந்தோட்டம் வந்ததா என்று பார்த்தது. மலேசியப் பகுதியில், 1973க்குப் பின் அழிந்த காட்டில் 57 முதல் 60 விழுக்காடு அப்படி உடனடியாகத் தோட்டமானது. இந்தோனேசியப் பகுதியில் 15 முதல் 16 விழுக்காடுதான். அங்கே பழைய தீயில் கெட்டுப்போன நிலத்தில் பிற்காலத்தில் நடப்பட்ட தோட்டங்கள் அதிகம். தோட்டமெல்லாம் காட்டை அழித்து வந்தது என்பாருக்கும், தோட்டத்துக்கும் காடழிவுக்கும் தொடர்பே இல்லை என்பாருக்கும் இந்த ஆய்வு ஒரே நேரத்தில் விடை சொல்கிறது. நமக்கு இனிக்கும் விடை அன்று என்பதற்காக அதை ஒதுக்க முடியாது.

சிறு தோட்டக்காரருக்கும் இச்சான்று தேவைப்படும் காலம் வந்துவிட்டது. மேற்சொன்ன ஐரோப்பியச் சட்டம், 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெயையும் ரப்பரையும் ஏற்காது. விளைந்த நிலத்தின் இருப்பிட ஆயங்களையும் கேட்கிறது. அதன் நடைமுறை தள்ளிப்போடப்பட்டாலும் திசை மாறவில்லை. நான்கு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், தம் நிலம் முப்பது ஆண்டுகளாகத் தோட்டமே என்று மெய்ப்பிக்க வேண்டும். அதற்குரிய படம் விண்ணில் இருக்கிறது. எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, படிக்கலாம். மருத்துவம், சட்டம், பொறியியல் என்ற மூன்று வாயில்களில் மட்டுமே நம் மாணவர்கள் முட்டி மோதுவதைக் காண்கிறோம். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வியல் பல்லாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுப் படிம மையம் 1997ஆம் ஆண்டுத் தீயில் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் ஏறத்தாழ 4.5 மில்லியன் ஹெக்டர் எரிந்ததாகப் படங்களைக் கொண்டு கணக்கிட்டது. தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ ஆகியவற்றின் கரிச் சதுப்பு நிலங்களில் 1990இல் 76 விழுக்காட்டை மூடியிருந்த காடு 2015இல் 29 விழுக்காடாகச் சுருங்கியதைக் கண்டறிந்த ஆய்வும் அங்கிருந்து வந்ததுதான். இவையெல்லாம் நம் வீட்டு வாசலில் நடக்கும் ஆய்வுகள். அந்த ஆய்வறைகளில் நம் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு.

இரண்டாவதாக, பணம் இல்லை என்ற காரணம் இனிச் செல்லாது. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் அனைவருக்கும் இலவசம். சென்டினல் படங்களும் அவ்வாறே. பழைய மடிக்கணினியும் இணையமும் போதும். கழகத்தின் வழக்கமான பட்டிமன்றத்துக்கும் கலை இரவுக்கும் நடுவே, ஒரு சனிக்கிழமை இதற்கென ஒதுக்கலாம். ஒவ்வொருவரும் தம் குடும்பம் வாழ்ந்த தோட்டத்தைப் படத்தில் தேடி, 1990இலும் இன்றும் அது எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டால், வீடமைப்புப் பகுதியாக மாறிய லயங்களும் செம்பனையாக மாறிய கித்தாவும் கண்முன் வரும். முன்னாள் மாணவர்களில் இத்துறை அறிந்தோர் வழிகாட்ட முன்வர வேண்டும்.

மூன்றாவதாக, தமிழில் எழுத வேண்டும். புகைமூட்டம் வந்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை மட்டும் நம் ஏடுகள் போடுகின்றன. 2013 ஜூனில் மூவாரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டபோதும் நம் பேச்சு அந்த எண்ணோடு நின்றது. புகை எந்த மண்ணிலிருந்து வருகிறது, அந்த மண் ஏன் மாதக்கணக்கில் கனிகிறது, அதை யார் அளந்தார்கள் என்பதைச் சொல்லும் தமிழ்க் கட்டுரைகள் மிகக் குறைவு. காப்புக்காடு, காட்டுத் தோட்டம், வெட்டி எஞ்சிய காடு, தொடாத காடு என்று வேறுபடுத்திச் சொல்லும் சொற்கள் நம் எழுத்தில் நிலைபெற வேண்டும். எல்லாவற்றையும் காடு என்றே எழுதிக்கொண்டிருந்தால், பிறர் தரும் எண்ணைத் திருப்பிக் கேட்கும் தகுதி நமக்கு எப்படி வரும்?

நம் முன்னோர் இந்நாட்டின் காட்டை வெட்டித் தோட்டமாக்கியது கூலிக்காக. முடிவு எடுத்தவர்கள் வேறொருவர். இன்று எஞ்சிய காட்டைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் மேசையில், படத்தைப் படிக்கத் தெரிந்தவராகவும் மண்ணை அறிந்தவராகவும் நம்மில் சிலராவது அமர வேண்டும். அடுத்த புகைமூட்டம் வரும் வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.